படிமத்திலிருந்து எடுத்த கோப்பும் அது தாங்கிய பெயரும்

ஒரு சிறு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்த கணினியின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை ஈ01 என்ற தடயவியல் கோப்பு வடிவில் படிமம் (வட்டின் பிட்டுக்குப் பிட்டு நகல்) எடுத்து, அதில் அழிக்கப்பட்ட கணக்குத் தாள்கள் ஏதேனும் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிரையன் கேரியர் உருவாக்கிய ஸ்லூத் கிட் என்ற வட்டுத் தடயவியல் கருவித் தொகுப்பை அப்போதுதான் யாருடைய துணையுமின்றிப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தேன். படிமத்திலிருந்து கோப்புகளை மொத்தமாக வெளியே எடுக்க அதில் டிஎஸ்கே_ரெகவர் என்ற கட்டளை இருப்பதால், ஒரே வரியில் வேலை முடிந்துவிடும் என்று நம்பினேன்.

பழக்கதோஷத்தில் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) தொடங்கும் செக்டராக (வட்டின் சிறு சேமிப்புக் கூறு) 2048 என்று கொடுத்தேன். வெளியே வந்தவை கணினியைத் தொடங்கி வைக்கும் கோப்புகள் மட்டுமே. பிறகு எம்எம்எல்எஸ் கட்டளையால் பார்ட்டிஷன் அட்டவணையைப் பார்த்தபோது, 2048இல் இருப்பது கணினியைத் தொடங்க உதவும் 100 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பகுதி என்பதும், விண்டோஸ் இருக்கும், என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைக் கொண்ட பகுதி 239616ஆம் செக்டரில்தான் தொடங்குகிறது என்பதும் தெரிந்தன. இந்த எண்ணை பைட்டில் அல்லாமல் செக்டரில் கொடுக்க வேண்டும் என்பதையும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. சரியான பகுதியைக் காட்டிய பிறகும், பயனர் அன்றாடம் பயன்படுத்திய கணக்குக் கோப்புறையில் இருக்க வேண்டிய தாள்கள் கிடைக்கவில்லை. அவை வட்டிலேயே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதவும் செய்துவிட்டேன். தனியாக எதுவும் சொல்லாவிட்டால் டிஎஸ்கே_ரெகவர் அழிக்கப்பட்ட கோப்புகளை மட்டுமே எடுக்கும். எல்லாவற்றையும் எடுக்க ‘-இ’ என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்து மீண்டும் ஓட்டியதும் கோப்புறை முழுவதுமாக வந்தது. அந்தக் குறிப்பு அறிக்கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

ஆனால் என்னை அதிக நாள் உட்கார வைத்தது ஒரே ஒரு தாள். கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எஃப்எல்எஸ் கட்டளை தந்த பட்டியலில் அதன் பெயர், அழிக்கப்பட்டதற்கான நட்சத்திரக் குறியுடன், எங்களிடம் சொல்லப்பட்ட எழுத்துகள் மாறாமல் அப்படியே இருந்தது. எம்எஃப்டி என்பது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு வைக்கும் என்டிஎஃப்எஸ் அட்டவணை. தாளுக்குரிய எம்எஃப்டி எண்ணை, பதிவின் உள்ளடக்கத்தை வெளியே எடுக்கும் ஐகேட் கட்டளைக்குக் கொடுத்துக் கோப்பை வெளியே எடுத்தேன். எக்செல் அதைத் திறக்க மறுத்தது. ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால், எக்செல் தாளின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய 50 4பி என்ற பைட்டுகளுக்குப் பதிலாக, ஜேபெக் படத்துக்குரிய எஃப்எஃப் டி8 இருந்தது. பட்டியலை மறுபடி படித்தபோதுதான் எண்ணை ஒட்டியிருந்த ‘ரீஅலாக்’ (மறு ஒதுக்கீடு) என்ற சொல் கண்ணில் பட்டது. தாள் அழிக்கப்பட்ட பின் அதன் எம்எஃப்டி பதிவு வேறொரு படத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கோப்புறையின் அட்டவணையில் பழைய பெயர் மட்டும் அழியாமல் தங்கி, இப்போது அடுத்தவருடைய உள்ளடக்கத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. ஒரு பதிவின் விவரங்களைக் காட்டும் ஐஸ்டேட் கட்டளை அந்தப் பதிவின் உண்மையான பெயரைக் காட்டியதும் ஐயம் முழுவதும் நீங்கியது. கருவியின் மேல் பிழையில்லை, கேட்ட பதிவில் இருந்ததை அது கொடுத்தது. பெயரைப் பார்த்தே நம்பியது என் பிழை.

வெளியே எடுத்த கோப்புகளின் தேதிகளும் இப்படித்தான் ஏமாற்றும், ஏனெனில் அவை நாம் எடுத்த நேரத்தையே காட்டுகின்றன. அதனால் மூலப் பதிவுகளின் நேரங்களை எஃப்எல்எஸ் வழியாகத் தனிப் பட்டியலாக எடுத்து, மேக்டைம் மூலம் காலவரிசைப்படுத்தினேன். இந்தியாவின் சாட்சியச் சட்டமான 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின், மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பது பற்றிய 63ஆம் பிரிவுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) குறிப்பிட வேண்டியிருப்பதால், படிமத்துக்கு மட்டுமின்றி எடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ256 மதிப்பைக் கணக்கிட்டு வைத்தேன்.

தேடிய தாளுக்காக, பயன்பாட்டில் இல்லாத பகுதியை பிஎல்கேஎல்எஸ் கொண்டு பிரித்து, பெயரைப் பாராமல் உள்ளடக்கத்தின் அமைப்பைக் கொண்டு கோப்புகளை மீட்கும், கிறிஸ்டோஃப் கிரெனியரின் ஃபோட்டோரெக் மென்பொருளை அதன்மேல் ஓட்டினேன். சில எக்செல் தாள்கள் பெயரின்றிக் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் தலைப்புகளும் தொகைகளும் எங்களிடம் சொல்லப்பட்டவற்றோடு பொருந்தின. உள்ளே பதிந்திருந்த ஆசிரியர் பெயரும் கடைசியாகத் திருத்திய நேரமும் அப்படியே ஒத்துப்போயின. அறிக்கையில் அதன் உள்ளடக்கத்தையும் கிடைத்த இடத்தையும் எழுதினேன். கோப்பின் பெயர் என்ற கட்டத்தில் ‘உறுதிப்படுத்த இயலவில்லை’ என்று குறித்துவிட்டு, ஐஸ்டேட் காட்டியதை அப்படியே இணைப்பாகச் சேர்த்தேன்.