ஐந்து வருடமாக உச்சக்கட்டமே வந்ததில்லை, தெரபி பலன் தருமா?

மழைத்துளி:
கல்யாணமாகி ஐந்து வருடம். கணவர் நல்லவர், எனக்கும் ஆசை இருக்கிறது, ஆனால் உச்சம் என்கிறார்களே, அது ஒரு தடவைகூட வந்ததில்லை, தனியாகவும் இல்லை. அவர் மனது நோகக் கூடாதே என்று ஆரம்பத்தில் வந்த மாதிரி நடித்துவிட்டேன், இப்போது அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. மருத்துவரிடம் கேட்டால் "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். பேச்சு சிகிச்சை, பயிற்சி இதெல்லாம் உண்மையிலேயே உதவுமா? யாராவது போயிருக்கிறீர்களா?

தெற்குத்தெரு:
நான் போயிருக்கிறேன் தோழி. முதல் நாள் அந்த ஆலோசகர் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடும்?" தாழ்ப்பாள் போட்டோமா, அடுத்த அறையில் மாமியார் இருமுகிறாரே, இன்றைக்காவது வருமா, இவர் சலித்துப்போவாரோ என்று சொல்லிக்கொண்டே போனேன். உடம்பு கட்டிலில், மனது விட்டத்தில் உட்கார்ந்து வேவு பார்க்கிறது என்றார். அப்புறம் வீட்டுப்பாடம். கைக்கண்ணாடி வைத்து என் உடம்பை நானே பார்க்க வேண்டும், பிறகு தனியாக, அவசரமில்லாமல், எங்கே எப்படித் தொட்டால் இதமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், உச்சம் வர வேண்டும் என்ற இலக்கே கூடாது. முதல் வாரம் வெட்கத்தில் கண்ணாடியைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டினேன். இரண்டு மாதம் கழித்து வந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

அகல்விளக்கு:
மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அவர் சொன்ன முறை புதிதல்ல, அமெரிக்க உளவியலாளர்கள் லோபிக்கோலோவும் லோபிட்ஸும் 1972இல் ஒன்பது படிகளாக வகுத்தது. ஒருமுறைகூட உச்சம் அடையாதவர்களுக்கு இதுதான் அதிகம் கைகொடுக்கிறது. தனியாக வருகிறது, கணவரோடு வரவில்லை என்றால் வழி வேறு: அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் கொண்டுவந்த தொடுகைப் பயிற்சி. கொஞ்ச நாள் உடலுறவு வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டு, மாற்றி மாற்றித் தொடுவது மட்டும், முதலில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. தேர்வு எழுதும் பயம் அங்கேதான் விடுகிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், உடலுறவால் மட்டும் உச்சம் வராத பெண்கள் ஏராளம், பலருக்கு கிளிட்டோரிஸில் (பிறப்புறுப்பின் மேற்பகுதியில் இருக்கும் சிறிய உணர்ச்சி மொட்டு) நேரடித் தொடுகை தேவை, இது குறையே அல்ல.

கடலோரம்:
மன அழுத்தத்துக்கு செர்ட்ரலின், ஃபுளூவாக்ஸடின் மாதிரி மாத்திரை எடுக்கிறீர்களா? எனக்குத் தடையே அதுதான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். வலி இருந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

மழைத்துளி:
மாத்திரை எதுவும் இல்லை, வலியும் இல்லை. விட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது, அது அப்படியே நான்தான். நடித்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

தெற்குத்தெரு:
கட்டிலில் வேண்டாம். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேன், முகம் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். "உங்கள் மேல் தப்பில்லை, எனக்கே என் உடம்பு தெரியவில்லை, சேர்ந்து கற்றுக்கொள்ளலாமா" என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள் அவரே எப்போது போகலாம் என்று கேட்டார்.

அகல்விளக்கு:
போஸ்டர் ஒட்டி லாட்ஜில் பார்க்கும் வைத்தியர்களிடம் போய்விடாதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள், பாலியல் பிரச்சினைகள் பார்த்த அனுபவம் உண்டா என்றும் போனிலேயே கேட்டுவிடலாம்.