மாதம் 2,200 ரூபாய் பெட்ரோல், அத்தனையும் கடைகண்ணிக்கே: எப்படிக் குறைப்பது?

வைகைக்கரை:
மதுரை, அண்ணா நகர் பக்கம் வீடு. 110 சிசி ஸ்கூட்டர், பிஎஸ் 6 (புகை அளவு விதி) வண்டி, மூன்று வருஷம் ஆச்சு. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 36 கி.மீ. தான் வருகிறது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,200 ரூபாய், 780 கி.மீ. சொச்சம். ஆபீசுக்கு இந்த வண்டி போவதில்லை, எல்லாம் வீட்டு வேலைதான்.

ஒரு வழித் தூரம், கி.மீ. கணக்கில்: பள்ளிக்கூடம் 3.5 (காலை 8.30, மாலை 3.45, மாதம் 22 நாள்), ரேஷன் கடை 0.7, மாவு மில் 1.2, மருந்துக்கடை 2, பேங்க் 2.4, உழவர் சந்தை 1.8. மில்லும் மருந்துக்கடையும் பேங்க்கும் பள்ளிக்கூடம் போகிற வழி. சந்தை எதிர்த்திசை. ஆப்பில் டெலிவரி வாங்கிவிட்டால் மிச்சமாகுமா? இல்லை, வண்டியில்தான் கோளாறா?

கரிசல்காடு:
பள்ளிக்கூடத்துக்கு 3.5 × 4 × 22 = 308 கி.மீ. மீதி 470 கி.மீ. கடைகண்ணி. நாளுக்கு 15, 16 கி.மீ. வருகிறது. உங்கள் பட்டியலில் ரொம்பத் தூரமான கடையே 2.4 தான். அப்படியானால் நாளுக்கு நாலைந்து தடவை தனித்தனியாக வண்டி எடுக்கிறீர்கள். 36க்கு மைலேஜ் இறங்கினதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆறிக் கிடக்கும் இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதைச் சரிக்கட்ட இஞ்ஜெக்டர் கூடுதலாகத் தெளிக்கும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். 1.2 கி.மீ. ஓட்டி மில் வாசலில் ஆஃப் செய்தால், சூடு பிடிப்பதற்குள் பயணம் முடிந்துவிட்டது. அரைமணி கழித்துத் திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து. அதே மில்லுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது போனால் இஞ்சின் சூடாக இருக்கும், கூடுதல் தூரமும் இல்லை. இப்படி எல்லாவற்றையும் பள்ளிப் பயணத்தில் ஒட்டவைத்து, சந்தைக்கும் ரேஷனுக்கும் தனியாக 60, திடீர் வேலைக்கு 80 என்று விட்டாலும் மாதம் 450 கி.மீ. தாண்டாது. மைலேஜும் 42க்கு ஏறினால் 10.7 லிட்டர், கிட்டத்தட்ட 1,080 ரூபாய். பாதிக்குப் பாதி.

டெலிவரி பற்றி: போக வர 4 கி.மீ. ஆகும் மருந்துக்கடைக்குத் தனியாகப் போனாலே பெட்ரோல் 11 ரூபாய்தான். அதற்கு மேல் டெலிவரிக் கட்டணம் கேட்டால் நஷ்டம். இலவச டெலிவரிக்காக வேண்டாத சாமானைக் கூடையில் சேர்ப்பது அதைவிட நஷ்டம்.

சுங்குடி:
ஒட்டவைப்பது சரி, ஆனால் நேரம் ஒத்துவர வேண்டுமே. காலை 8.45க்கு பேங்க் திறந்திருக்காது. அதை மாலைப் பக்கம் தள்ளுங்கள்: 2.50க்குக் கிளம்பி 3 மணிக்கு பேங்க், அங்கிருந்து பள்ளிக்கூடம்.

கொடுத்து வாங்குகிற வேலைகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மில், தையல், இஸ்திரி, மிக்ஸி ரிப்பேர் எல்லாமே இரண்டு நடை. காலைப் பயணத்தில் கொடுங்கள், மாலைப் பயணத்தில் வாங்குங்கள். மில்லில் காத்திருந்து வாங்குகிறேன் என்று நிற்க வேண்டாம். அரிசி மாவு என்றால் மட்டும், மிளகாய் அரைத்த கையோடு அதைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ரேஷன் 0.7 கி.மீ. தானே, முதலில் நடந்து போய் அரிசி, பருப்பு, பாமாயில் எல்லாம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வண்டி மூட்டைக்கு மட்டும். கார்டில் பேர் உள்ளவர்தான் கைரேகை வைக்க வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் அந்த நடை வீண்.

வீட்டில் பெண்கள் தனியாகப் போகிற வேலைக்கு டவுன் பஸ்ஸையும் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

இடதுகைப்பக்கம்:
வரிசையும் முக்கியம். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள ரோட்டில், எதிர்ப்பக்கக் கடைக்குப் போக யூ டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பவும் அதே கூத்து. ஒரு தாளில் ரோட்டை ஒரு கோடாகப் போட்டு, போகும்போது இடதுகைப் பக்கம் வருகிற கடைகளை ஒரு பக்கமும், வரும்போது இடதுகைப் பக்கம் வருகிறவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். மருந்துக்கடை வரும்போது என்றால் வரும்போது மட்டும்தான். பெட்ரோல் பங்க்கும் அப்படியே. பெட்ரோல் போடுவதற்கென்று தனியாகக் கிளம்பக் கூடாது. முள் கடைசிக் கோட்டைத் தொடும்வரை ஓட்டவும் வேண்டாம்: டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான்.

கனமான சாமான் கடைசி. கெட்டுப்போகிறதும் கடைசி. சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி இஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. அதில் இட்லி மாவு பாக்கெட்டைப் போட்டு நாலு கடை சுற்றினால் வீடு வருவதற்குள் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும், சில சமயம் வெடித்தும் இருக்கும். பால், வெண்ணெய், பூ, இன்சுலின் எதையும் அங்கே வைக்காதீர்கள். முன்கொக்கியில் துணிப்பை போதும்.

உழவர் சந்தை: போக வர 3.6 கி.மீ., தனி நடை என்றால் 10, 11 ரூபாய் பெட்ரோல். கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்று ஒரு கிலோ தக்காளிக்குப் போனால் லாபமே இல்லை. ஞாயிறு காலை 6.30க்குப் போய் வாரத்துக்கு ஆறேழு கிலோ வாங்குங்கள். கீரை அன்றைக்கும் மறுநாளைக்கும் மட்டும். மிச்சக் கீரையைத் தெருவில் வருகிற அம்மாவிடம் வாங்குவதே மேல்.

வைகைக்கரை:
நன்றி. மில் விஷயம் தோணவே இல்லை. ஒரு சிக்கல்: சேர்த்துச் செய்யலாம் என்று வைத்தால் ஏதாவது ஒன்று மறந்துபோகிறது, கடுகுக்காக மறுபடி வண்டி.

சுங்குடி:
சாமான் வாரியாக எழுதாதீர்கள், இடம் வாரியாக எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் தாள். மேலே மில், மருந்துக்கடை, பேங்க், மளிகை என்று தலைப்பு. தீர்ந்த பிறகு எழுதினால் தாமதம். கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எழுத வேண்டும். அன்றைக்கே வேண்டிய மாத்திரை மாதிரி அவசரம் தவிர மற்றதெல்லாம் அடுத்த பள்ளிப் பயணம் வரை காத்திருக்கும். கடுகு இல்லாமல் ஒரு நாள் தாளிக்கலாம், தெருமுனைக் கடைக்கு நடந்தும் போகலாம்.

கரிசல்காடு:
வண்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டயர் காற்று ஆறின டயரில் பிடிக்க வேண்டும், பத்து நாளுக்கு ஒரு தடவை. அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குத் தனி அளவு. உங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை இருப்பதால் அந்த அளவுதான்.

பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இஞ்சினை ஆஃப் செய்து பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று உரசி உடனே நின்றால் பிரேக் இறுக்கமாக இருக்கிறது. ட்ரம் பிரேக் என்றால் கேபிள் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி மறுபடி சுற்றிப் பாருங்கள். லிவர் கொஞ்சம் இழுத்த பிறகுதான் பிடிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் எண்ணெய் தடவிய காகித வகை என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள், புதுசுதான் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முதல் மாதம் பயணத்தை மட்டும் குறையுங்கள், அதே பங்க்கில், பெட்ரோல் குழாய் கிளிக் என்று தானாக நின்றதும் நிரப்புவதை நிறுத்தி மைலேஜ் பாருங்கள். 42க்குக் கீழேயே நின்றால் பிரேக், ஃபில்டர் பக்கம் வரலாம்.