வீட்டில் குரல் பதிவு செய்ய மைக் ஷீல்டு வாங்குவதானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சுருதிப்பெட்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, கார்டியாய்டு வகைக் கண்டென்சர் மைக் ஒன்றை வைத்துப் பாடிப் பதிவு செய்து வருகிறேன். அறை ஏறத்தாழ 3 மீட்டருக்கு 3.5 மீட்டர். வெறுஞ்சுவர்கள், ஓடு பதித்த தரை, ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னல். குரலைத் தனியாகக் கேட்கும்போது பெரிதாகக் குறை தெரிவதில்லை. ஆனால் பின்னணி இசையோடு சேர்த்து, கம்ப்ரெஷன் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது) போட்டுக் குரலை முன்னுக்குக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் வெற்று அறையின் ஒலி வால் போல ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் மேல் ரிவெர்ப் (செயற்கையான அறை முழக்கம்) சேர்த்தால் குரல் இன்னும் தொலைவுக்குப் போய்விடுகிறது.

மைக்கின் பின்னால் பொருத்தும் ஐசொலேஷன் ஷீல்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். சந்தையில் அரைவட்ட வடிவில் நுரை ஒட்டியவை, கிண்ணம் போல் மேலும் கீழும் வளைந்தவை, மைக்கின் மீதே பந்து போல் மாட்டிக்கொள்பவை எனப் பல வகைகள் இருக்கின்றன. எல்லா விளம்பரங்களும் அறை ஒலியை நீக்கிவிடும் என்றே சொல்கின்றன. இவற்றில் எதை, எந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வெளியிலிருந்து வரும் வாகன இரைச்சலையும் அது தடுக்குமா? என்னிடம் இருப்பது சாதாரண மூன்று கால் ஸ்டாண்ட். அது ஷீல்டின் எடையைத் தாங்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அடிநாதம் எழுதியது:

வணக்கம் நண்பரே. எந்த ஷீல்டு என்று பார்ப்பதற்கு முன், உங்கள் மைக் எந்தத் திசையிலிருந்து வரும் ஒலியைக் கேட்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இது தெளிவானால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கார்டியாய்டு மைக், தனக்கு நேர் முன்னால் இருப்பதை முழுமையாகக் கேட்கிறது. பக்கவாட்டில் 90 பாகையில் வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறைந்து பதிவாகிறது. நேர் பின்னாலிருந்து வருவது மிக மிகக் குறைவாகவே பதிவாகிறது. ஷீல்டை நாம் பொருத்துவது எங்கே? மைக்கின் பின்னால், அதாவது மைக் ஏற்கெனவே காதை மூடிக்கொண்டிருக்கும் பக்கத்தில். மைக்கின் முன்புறம் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தையும், தோளைத் தாண்டி உங்களுக்குப் பின்னால் இருக்கும் வெறுஞ்சுவரையும்தான். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எந்தத் தடையும் இல்லாமல் மைக்கின் மிகக் கூர்மையான பக்கத்தில் வந்து விழுகிறது. நீங்கள் சொல்லும் வாலின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

ஆகவே பாடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் முதல் வேலை நடக்க வேண்டும். கனமான இரண்டு மெத்தைப் போர்வைகளை எடுத்து, உயரமான ஸ்டாண்டிலோ கயிற்றிலோ, தலைக்கு மேல் ஓர் அடியாவது இருக்கும்படி, உங்களுக்குப் பின்னால் விரிந்த ‘ப’ வடிவில் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியால் போர்வை சற்றுக் கீழான அதிர்வெண்களையும் உறிஞ்சும். நிரந்தர ஏற்பாடாக வேண்டுமென்றால், 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகைகளைத் துணி போர்த்திச் சட்டத்தில் அடைத்து வைக்கலாம். துணி நிறைந்த அலமாரி இருந்தால் அதன் கதவுகளைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுவதும் நல்ல வழி. ஜன்னலை உங்கள் முதுகுப்பக்கம் வரவிடாதீர்கள். கண்ணாடி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். அறையின் நட்டநடுவிலும் நிற்க வேண்டாம். சிறிய அறைகளில் சுவர்களுக்கிடையே உருவாகும் நிலையலைகள் நடுவில் சில தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுகின்றன.

அடுத்தது தூரம். மைக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி நின்று பாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 15 செ.மீ. ஆக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடுகிறது; அறையில் சுற்றிவரும் ஒலியோ அதே அளவில் இருக்கிறது. அந்த 6 டெசிபலை நீங்கள் கெயினில் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவில்) குறைக்கும்போது அறை ஒலியும் சேர்ந்து இறங்கிவிடும். இதற்கு எந்தச் செலவும் இல்லை. நெருங்கிப் பாடும்போது கீழ்ச்சுருதியில் கனம் கூடும். அதை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்த ஹை-பாஸ் ஃபில்டரால் (அதற்குக் கீழான அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டியால்) சரிசெய்துகொள்ளலாம். ‘ப’ போன்ற வெடிப்பொலிகளுக்குப் பாப் ஃபில்டர் (மைக்கின் முன் வைக்கும் மெல்லிய வலைத்திரை) வைத்துக்கொள்ளுங்கள், அது ஷீல்டு செய்யும் வேலை அல்ல.

கம்ப்ரெஷன் போட்ட பிறகுதான் வால் தெரிகிறது என்றீர்கள். உரத்த பகுதிகளை 10 டெசிபல் அழுத்திவிட்டு மொத்த அளவை அதே 10 டெசிபல் உயர்த்தினால், சொற்களுக்கு இடையில் கிடக்கும் அறை ஒலியும் 10 டெசிபல் மேலே வந்துவிடுகிறது. எனவே பதிவின்போது காதுக்குக் கேட்காத வால், கலவையில் கேட்பதில் வியப்பில்லை.

கம்பிச்சுருள் எழுதியது:

முந்தைய மறுமொழியில் சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன், ஆனால் ஷீல்டின் பங்கை அது சற்றுக் குறைத்துச் சொல்கிறது என்று நினைக்கிறேன். ஷீல்டு, மைக்கின் பின்புறத்துக்கு வெறும் நிழல் கொடுப்பது மட்டும் அல்ல. உங்கள் வாயிலிருந்து கிளம்பும் குரல் மைக்கைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி அறையெங்கும் சுற்றி, கடைசியில் முன்பக்கமாகவும் மைக்குக்குள் வருகிறது. அந்தப் பயணத்தின் தொடக்கத்திலேயே குரலின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதுதான் ஷீல்டின் உண்மையான பயன். மேல் அதிர்வெண்கள் பெரும்பாலும் வாய்க்கு நேர் எதிரே குவிந்து செல்வதால், அவற்றைப் பொறுத்தவரை இது கணிசமான பயன்தான். குறிப்பாகச் சூப்பர்கார்டியாய்டு மைக் (கார்டியாய்டைவிடக் குறுகிய முன்திசையில் கேட்பது) வைத்திருப்பவர்களுக்கு, அதன் நேர் பின்புறத்திலும் ஓரளவு கேட்கும் திறன் இருப்பதால், ஷீல்டு கூடுதலாக உதவும்.

எல்லை எங்கே என்றால், அளவில்தான். ஏறத்தாழ 40 செ.மீ. அகலமுள்ள தடுப்பை, அதைவிட நீளமான அலைகள் சுற்றிக்கொண்டு போய்விடும், 40 செ.மீ. அலைநீளம் என்பது ஏறக்குறைய 860 ஹெர்ட்ஸ். நுரையும் அப்படியே. அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால்தான் அது முழு வலுவோடு உறிஞ்சும், 5 செ.மீ. நுரைக்கு அது சுமார் 1700 ஹெர்ட்ஸ், 2.5 செ.மீ. நுரைக்கு 3400 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போகத் திறன் குறையும். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி 100 ஹெர்ட்ஸ் அருகிலும், பெண் குரலுடையது 200 ஹெர்ட்ஸ் அருகிலும் அமைவதால், குரலின் கனமான பகுதி எந்த ஷீல்டுக்கும் கட்டுப்படாது. மெல்லிய நுரையை வளைந்த தகட்டில் ஒட்டி விற்கும் மலிவு வகைகளில் நடப்பது இதுதான்: மேலே உள்ள பிரகாசம் மட்டும் உறிஞ்சப்படுகிறது, இடைப்பட்ட அதிர்வெண்கள் கெட்டியான முதுகில் பட்டு, வளைவின் காரணமாகக் குவிந்து, மைக்கை நோக்கியே திரும்புகின்றன. குரல் பெட்டிக்குள் பாடியது போல் அடைத்துக்கொள்கிறது. இருக்கும் வால் போய், இல்லாத ஒரு நோய் வந்து சேர்கிறது.

ஆகவே வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது முதுகுப்பக்கத்தை. எஸ்.இ. எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ரிஃப்ளெக்ஷன் ஃபில்டர் போன்றவற்றில் துளையிட்ட அலுமினியத் தகடும், உறிஞ்சும் அடுக்குகளும், இடையில் காற்று இடைவெளியும் இருக்கும். உறிஞ்சப்படாத ஒலி துளைகள் வழியே வெளியேறிவிடும், உள்ளே திரும்பாது. ஆஸ்டன் ஹேலோ முற்றிலும் ஃபெல்ட் போன்ற பொருளால் ஆனது. கெட்டியான தகடே இல்லை, மேலும் கீழும் வளைந்திருப்பதால் கூரைக்கும் தரைக்கும் போகும் ஒலியில் ஒரு பங்கையும் பிடித்துக்கொள்கிறது, எடையும் குறைவு. கயோடிகா ஐபால் போன்ற பந்து வகை, பின்னணி ஏற்பாடு எதுவும் செய்ய முடியாமல் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்பவர்களுக்கு வசதி. ஆனால் கார்டியாய்டு மைக் தன் திசைத்தன்மையைப் பெறுவதே பின்பக்கத் திறப்புகள் வழியாகவும் ஒலியை உள்வாங்கித்தான். அதைச் சுற்றி நுரையை மூடினால் மைக்கின் இயல்பான தொனி கொஞ்சமாவது மாறும். நல்ல மைக்கின் தொனிக்காகவே அதை வாங்கியவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கிய பிறகு பலர் கவனிக்காதது மைக்கை வைக்கும் ஆழம். ஷீல்டின் இரு விளிம்புகளையும் ஒரு நேர்கோட்டால் இணைப்பதாக நினைத்துக்கொண்டு, மைக்கின் வலைத்தலை அந்தக் கோட்டின் மீது, அல்லது அதற்கு ஓரிரு செ.மீ. முன்னால் இருக்கும்படி வையுங்கள். மைக்கை உள்ளே தள்ளித் தள்ளி நுரைக்கு அருகில் கொண்டுபோனால் அறை குறைந்தது போலத் தோன்றும். உண்மையில் அடைப்புத்தான் கூடியிருக்கும். ஹெட்ஃபோன் அணிந்துகொண்டு நீண்ட ‘ஆ’ ஒன்றைப் பாடியபடி மைக்கைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்தினால், மூக்கடைத்தது போன்ற தொனி எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகக் கேட்கும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. போர்வை ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு, பிறகு ஷீல்டைப் பற்றி முடிவெடுப்பது சரியென்று படுகிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. ஷீல்டு உண்மையில் பயன் தருகிறதா என்பதை நானே நேர்மையாகச் சோதிப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை மாட்டியவுடன் நன்றாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. மேலும், பாடல் வரிகளை எங்கே வைப்பது? இப்போது மைக்குக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டில் தாளை வைத்துப் பார்த்துப் பாடுகிறேன்; ஷீல்டு வந்தால் அதை மறைத்துவிடுமே.

நிசப்தம் எழுதியது:

சோதனையைப் பற்றிய கேள்வி முக்கியமானது. ஏனென்றால் சற்று உரக்கக் கேட்பதைத்தான் காது எப்போதும் நல்லது என்கிறது. ஷீல்டு இல்லாமல் ஒரு முறை, ஷீல்டுடன் ஒரு முறை, அதே வரியை அதே தூரத்தில் நின்று பாடுங்கள். தூரம் மாறாமலிருக்கப் பாப் ஃபில்டரை அளவுக்குறியாக வைத்துக்கொள்ளலாம். நீட்டிப் பாடும் வரிகளைவிட, ‘தக்’, ‘பட்’ என்று சட்டென நிற்கும் அசைகளை இடைவெளி விட்டுச் சொன்னால் வால் பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் ஒன்றுக்கொன்று சமமாக்கி, இரண்டிலும் ஒரே கம்ப்ரெஷனைப் போட்டு, எது எதென்று பெயரைப் பார்க்காமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வால் குறைந்திருக்கிறதா என்று ஒரு முறையும், குரலின் தொனி கெட்டிருக்கிறதா என்று மறுமுறையும் கேட்க வேண்டும். வால் கொஞ்சம் குறைந்து தொனி நிறையக் கெட்டிருந்தால் அந்த ஷீல்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாலை ஓரளவு குறைக்க மென்பொருள் இருக்கிறது, அடைத்துக்கொண்ட குரலைத் திறப்பதுதான் கடினம்.

வரிகளை வைக்கும் இரும்பு ஸ்டாண்டை உடனே அகற்றச் சொல்வேன். அதன் தட்டையான பரப்பில் பட்டுத் திரும்பும் குரல் நேரடிக் குரலோடு மிகக் குறுகிய தாமதத்தில் கலந்து, சில அதிர்வெண்களை அழித்துவிடுகிறது. தாளைச் சற்று உயரத்தில், ஒரு பக்கமாக, ஷீல்டின் விளிம்புக்கு வெளியே சாய்த்து வைத்து, தட்டின் மேல் தடித்த துண்டு ஒன்றைப் போர்த்துங்கள். அல்லது வரிகளை மனப்பாடம் செய்துவிட்டுப் பாடுங்கள்; பாட்டுக்கும் அது நல்லது.

வாகன இரைச்சலை ஷீல்டு தடுக்காது. ஒலியை உறிஞ்சுவது வேறு, வெளியொலி உள்ளே வராமல் தடுப்பது வேறு. பின்னதற்குக் கனமான சுவரும் காற்று புகாத கதவு ஜன்னல்களும் வேண்டும். அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, மின்விசிறியையும் கணினியையும் மைக்கின் பின்புறத்தில் தள்ளி வைத்து நெருங்கிப் பாடுவதுதான் வீட்டில் செய்யக்கூடியது.

ஸ்டாண்ட் விஷயத்தில் கவனமாக இருங்கள். உலோக ஷீல்டுகள் மைக்கோடு சேர்ந்து சில கிலோ எடை வரும். அந்த எடை முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்கும். நீட்டிய பூமில் (ஸ்டாண்டின் பக்கவாட்டுக் கையில்) அதை மாட்டவே வேண்டாம், நேர்க்கம்பியில் மாட்டுங்கள். மூன்று கால்களில் ஒன்று ஷீல்டு சாய்ந்திருக்கும் திசையில், அதன் நேர் கீழே வர வேண்டும். கால்களின் மீது மணல் பையும் இருக்கட்டும். வாங்குமுன் திருகு 3/8 அங்குலமா 5/8 அங்குலமா என்பதையும், உங்கள் ஷாக் மவுண்ட் (அதிர்வு படாமல் மைக்கைத் தாங்கும் பிடி) உள்ளே சுழல இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டைனமிக் மைக் வைத்திருப்பவர்கள், கேபிள் மைக்கின் வால்பக்கம் வெளியேறுவதால், ஷீல்டின் நடுவில் திறப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் வால் மிச்சமிருந்தால் மேலே நிமிர்ந்து பாருங்கள். கூரை தாழ்வாக இருக்கும் அறைகளில், தலைக்கு மேலே ஒரு பலகையையோ போர்வையையோ கட்டித் தொங்கவிட்டு, காலடியில் தடித்த கம்பளம் ஒன்றையும் விரித்த பிறகே அது அடங்கும். விளக்குக்கு அருகில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். பஞ்சும் பாலியூரித்தேன் நுரையும் எளிதில் தீப்பற்றக்கூடியவை.