புதுப்பிப்பு: 42 வயதில் ஐடிஐ சேர்ந்தேன், இப்போது எலக்ட்ரீஷியன்

பனியன் கம்பெனி வேலை போனதும், பத்தாவது மட்டும் படித்த நான் 42 வயதில் புதிதாக என்ன தொடங்கலாம் என்று இரண்டரை வருடத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தையல் கடை, பியூட்டி பார்லருக்கெல்லாம் கையில் முதல் இல்லை. கைகொடுத்தது அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் யோசனைதான். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 40 வயதோடு சரி. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடம்.

சிக்கல் மாற்றுச் சான்றிதழில் வந்தது. தொலைத்திருந்தேன்; பழைய பள்ளியில் நகல் வாங்க மூன்று வாரம் ஆனது. சேர நினைப்பவர்கள் அதை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

வரைபட வகுப்பில் முதல் மாதம் அழுதிருக்கிறேன். பக்கத்தில் இருந்த பதினேழு வயதுப் பிள்ளைகள்தான் "அக்கா, ஸ்கேலை இப்படிப் பிடிங்க" என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் கரண்ட் வேலைக்கு என்னைத்தான் தேடிக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில், ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் ஒயரே இணைக்காமல் கீசர் ஓடிக்கொண்டிருந்தது. இணைத்துச் சோதித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.