ஹெட் கேஸ்கட்: ‘கசிவுத்தடுப்பி’யா, ‘இடையிதழ்’ஆ?

வணக்கம் ஐயா,

கேஸ்கட்டுக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொன்ன ‘கசிவுத்தடுப்பி’யை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாமே கசிவைத் தடுப்பவைதானே? கேஸ்கட் தட்டையானது, அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவே இறுகி உட்காருவது. அதனால் ‘இடையிதழ்’ என்கிறேன். எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் (பிளாக்) அதை மூடும் மேல்பாகத்துக்கும் (ஹெட்) நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் ‘தலை இடையிதழ்’. இப்போது பல கார்களில் அது பல அடுக்கு எஃகுத் தகடு. அதற்கும் இதழ் என்பது பொருந்தும்.

ஆனால் முதலில் பிரித்துப் பெயரிட வேண்டியது ‘லீக்’கைத்தான். பழுதுபார்ப்பதா வேண்டாமா என்பது எது எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சினின் பக்கவாட்டில் எண்ணெய் வியர்த்தால் வெளிக்கசிவு. எண்ணெய் அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டால் கொஞ்ச காலம் ஓட்டலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் உட்கசிவு: வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் கூலண்ட் குறையும், வெள்ளைப்புகை வரும். கூலண்டும் எண்ணெயும் சேர்வதைக் ‘கலப்புக்கசிவு’ எனலாம். எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறிய பிறகும் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

நம் சிங்கப்பூரில் இதோடு சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமச் சான்று) கணக்கும் சேர்கிறது. கேஸ்கட்டின் விலை சொற்பம். ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று அளந்து, தேவையானால் சீவி, புதிய போல்ட் போட்டு முறுக்கும் கூலிதான் பெரிது. பத்தாண்டு முடியுமுன் பதிவை நீக்கினால் கிடைக்கும் பார்ஃப் தொகைக்கு (பதிவின்போது கட்டிய வரியில் திரும்பத் தரும் பங்கு) வண்டியின் வயதுதான் கணக்கு, எஞ்சினின் நிலை அல்ல. ஆகவே சிஓஇ சில மாதமே மிச்சமிருந்து, உட்கசிவும் இருந்தால், ஒப்படைத்துவிடுவதே மேல். மூன்று நான்கு ஆண்டு மிச்சமா? ஹெட் வளையாதவரை தாராளமாகச் சரிசெய்யலாம். சிஓஇயைப் புதுப்பித்த வண்டிக்கு பார்ஃப் கிடையாது. அங்கே மிச்சமிருக்கும் சிஓஇ மதிப்பைக் கூலியோடு ஒப்பிட வேண்டும்.

கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங் வட்டாரத்தில், பட்டறையில் கொடுக்கும் சீட்டில் ‘தலை இடையிதழ், உட்கசிவு’ என்று எழுதியிருந்தால் நம் ஆட்களுக்கு உடனே புரியும்.

சரி, இன்னொன்று பாக்கி. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து குமிழியிடுவதற்கு என்ன சொல்? ‘எரிவாயுக் கசிவு’ என்றால் சமையல் கேஸ் என்று பதறுவார்கள். ‘எரிவளிக்கசிவு’ சரிவருமா என்று சொல்லுங்கள் ஐயா.