பதில்: ஓவர்கமிட், ஓஓஎம் கில்லர் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

இழையை மேலேர்ந்து படிச்சுட்டேன், லினக்ஸ் கையில இருக்கறதுக்கு மேல மெமரி தர ஒத்துக்கறது ஓவர்கமிட், கடைசியில மெமரி தீர்ந்து போனா (அவுட் ஆஃப் மெமரி, அதான் ஓஓஎம்) ஏதாவது ஒரு புரோகிராமை அடிச்சு நிறுத்துறது ஓஓஎம் கில்லர், இந்த ரெண்டு சொல்லையும் தனித்தனியா பாக்காம ஜோடியா பாத்தாதான் சரியா வரும்னு தோணுது, ஏன்னா முதலாவது இருக்கறதாலதான் ரெண்டாவதுக்கு வேலையே.

> ஓவர்கமிட் = மிகை ஒதுக்கீடு

இது இடிக்குது அண்ணா. ஒதுக்கீடுன்னா எடுத்துத் தனியா வச்சாச்சுன்னு அர்த்தம். லினக்ஸ் பண்றது நேர் எதிர், புரோகிராம் மெமரி கேட்டதும் சரின்னு தலையை ஆட்டிடும், ஆனா அப்போதைக்கு ஒண்ணும் குடுக்காது, அந்த இடத்துல முதல் தடவை எழுதப் போறப்பதான் 4 கேபி 4 கேபியா தேடி எடுத்துக் குடுக்கும். ஆயிரம் பத்திரிகை வச்சுட்டு எழுநூறு இலைக்குச் சமைக்கிற கல்யாணக் கணக்குதான், முக்கால்வாசி நேரம் சரியாவே வந்துடும். அதனால "மிகை ஒப்புதல்".

> ஏதோ முறைகேடு மாதிரி தொனிக்குதே

தொனிக்கட்டுமே, ஆனா ஓவர்கமிட்டுக்குத் தேவை இருக்குங்க. டேட்டாவை மெமரியிலேயே வச்சிருக்கற ரெடிஸ் டேட்டாபேஸ் 16 ஜிபி மெஷின்ல 10 ஜிபி டேட்டாவோட ஓடுதுன்னு வைங்க, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட நகல்) எழுத ஃபோர்க் பண்ணும், அதாவது தன்னைப் போலவே ஒரு பிள்ளை புரோகிராமை உண்டாக்கும், கணக்குப்படி இன்னொரு 10 ஜிபி வேணும், நிஜத்துல ரெண்டும் ஒரே மெமரி பக்கங்களைத்தான் (அந்த 4 கேபி துண்டுகள்) பகிர்ந்துக்கும், யாராவது எழுதினா அந்தப் பக்கத்துக்கு மட்டும் நகல். கறாரா கணக்குப் பாத்தா ஃபோர்க்கே ஆகாது. அதான் ஓவர்கமிட் மெமரி செட்டிங்கை 1 (எவ்ளோ கேட்டாலும் சரின்னு சொல்லு) ஆக்குன்னு ரெடிஸே ஸ்டார்ட் ஆகும்போது எச்சரிக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட கையேடோ அதையே 2 வைக்கச் சொல்லும், அதாவது கணக்குக்கு மேல கேட்டா அங்கேயே இல்லைன்னு சொல்லிடு, அப்புறம் நடுவுல வந்து ஆளை அடிக்காதே. விண்டோஸ்ல இந்தப் பேச்சே கிடையாது, ரேமும் பேஜ்ஃபைலும் (ரேமுக்குத் துணையா டிஸ்க்ல வைக்கிற இடம்) சேர்ந்து எவ்ளோ தாங்குமோ அவ்ளோதான் ஒத்துக்கும். டேட்டாபேஸ் மட்டும் ஓடுற சர்வர்னா நான் 2 கட்சி.

> ஓஓஎம் கில்லர் = நினைவகக்கொல்லி

பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்லும், களைக்கொல்லி களையைக் கொல்லும், அப்போ நினைவகக்கொல்லி எதைக் கொல்லும்? குரோமுக்கு வேணா அந்தப் பேர் வைக்கலாம் :) வலிநீக்கி மாதிரி "நெருக்கடி நீக்கி"ன்னா இலக்கணம் சரியா உக்காருது, நீங்கறது நெருக்கடிதான்.

ஆனா அது மட்டும் போதாது, ரொம்ப மழுப்பலா இருக்கு. நடு ராத்திரி மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் காணாம போய் லாகைத் திறக்கறவருக்கு "நீக்கம்"னு போட்டா யாரோ அன்இன்ஸ்டால் பண்ணிட்டாங்கன்னு நினைப்பார். விழறது 9ஆம் நம்பர் சிக்னல் (உடனே நின்னுடுன்னு உத்தரவு), சேவ் பண்ணக்கூட அவகாசம் கிடையாது. நிறைய சர்வர்ல புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ்ல புரோகிராம் நின்ன காரணத்துக்கு 137ன்னு காட்டுறதும் இதேதான், 128 கூட்டல் 9. அதனால கருவிக்கு நெருக்கடி நீக்கி, அது பண்ற காரியத்துக்குப் "பலியிடல்", மாட்டினதுக்குப் "பலி". கோயில் வாடை அடிக்குதுன்னு சொல்லாதீங்க, விபத்தில் மூவர் பலின்னு தினம் பேப்பர்ல படிக்கிறோம், தவிர பழைய கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) லாக்லயே ஸ்கோரைப் போட்டுட்டுப் பக்கத்துல பிள்ளையைப் பலி குடுன்னுதான் இங்கிலீஷ்ல எழுதியிருக்கும்.

இதுல இன்னொரு வசதி, கிளைச்சொல் தானா வருது. யாரை அடிக்கலாம்னு கெர்னல் போடுற ஸ்கோர் "பலி மதிப்பெண்", யார் நிறைய ரேமும் ஸ்வாப்பும் (டிஸ்க்ல இருக்கற துணை மெமரி) பிடிச்சு வச்சிருக்காங்களோ அவங்களுக்கு அதிகம். அதை நாமளே ஏத்தி இறக்குற எண் -1000லேர்ந்து 1000 வரைக்கும் போகும், -1000 போட்டா அந்த புரோகிராமைத் தொடவே தொடாது, தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள நுழைய விடற எஸ்எஸ்ஹெச் டீமன் தனக்குத்தானே அப்படித்தான் வச்சுக்கும், இல்லாட்டி நெருக்கடி நேரத்துல உள்ள போகவே வழி இருக்காது. அதுக்கு "பலிவிலக்கு", வரிவிலக்கு மாதிரி.

ஒண்ணுதான் பாக்கி. கெர்னலோட நீக்கி ரொம்ப லேட், மவுஸே நகராம மெஷின் உறைஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுதான் வந்து சேரும். அதனால 4.20 கெர்னல்ல பிரஷர் கணக்கு (மெமரி பத்தாம புரோகிராம்கள் எவ்ளோ நேரம் காத்துக் கிடக்குதுங்கற அளவு) வந்துச்சு, அதைப் பாத்து முன்னாடியே கை வைக்கிற சிஸ்டம்டி-ஓஓஎம்டி 2021ல ஃபெடோரா லினக்ஸ் 34லேர்ந்து டிஃபால்ட். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா லாக்ல யார் அடிச்சாங்கன்னே தெரியாது. பிரஷருக்கு "அழுத்தம்" போதும், முன்கூட்டி அடிக்கறவருக்கு "முன்நீக்கி"ன்னு நான் போட்டு வச்சிருக்கேன், பிடிக்கலைன்னா வேற சொல்லுங்க. த்ராஷிங்கை (ரேமுக்கும் டிஸ்குக்கும் மாத்தி மாத்தி அலைஞ்சே மெஷின் திணறுறது) இதுல இழுக்க வேணாம், அதுக்குத் தனி இழை போட்டுடுறேன்.