அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், 1946: ஹெர்மன் டால்மட்ஜை சட்டமன்றம் ஆளுநராக்கியது சரியா?

பழையகணக்கு:
நவம்பரில் ஆளுநர் தேர்தலில் வென்ற யூஜின் டால்மட்ஜ், பதவியேற்கும் முன்பே டிசம்பர் 21 அன்று இறந்துவிட்டார். ஜனவரியில் சட்டமன்றம் அவர் மகன் ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. இதை ஏதோ ஆட்சிக் கவிழ்ப்பு மாதிரி பேசுவதை என்னால் ஏற்க முடியாது. யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், அதிக வாக்கு வாங்கி உயிரோடு இருக்கும் இருவரில் ஒருவரை சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்பே சொன்னது. துணை ஆளுநராக வென்ற தாம்சன்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பதவியே ஏற்காத ஆளுநரின் இடத்துக்கு அவர் எப்படி வர முடியும்?

வைகறை:
அண்ணா, "பெரும்பான்மை இல்லையென்றால்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யூஜினுக்குத்தான் பெரும்பான்மை இருந்ததே! அப்புறம் அந்த வாக்குகளைப் பாருங்கள். வாக்குச்சீட்டில் பெயரைக் கையால் எழுதிப் போட்ட சில நூறு பேர்தான் ஹெர்மனுக்கு ஆதாரம், அதிலும் முதல் எண்ணிக்கையில் அவருக்கு மூன்றாவது இடம். பிறகு டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த கவுண்டியான (நம்மூர் மாவட்டம் மாதிரி) டெல்ஃபேரிலிருந்து விட்டுப்போன வாக்குகள் என்று சில டஜன் வந்து சேர, 675 ஆகி, உட்கட்சித் தேர்தலில் யூஜினிடம் தோற்றிருந்த கார்மைக்கேலின் 669ஐத் தாண்டிவிட்டார். அட்லாண்டா ஜர்னல் செய்தியாளர் ஜார்ஜ் குட்வின் அந்தப் பட்டியலைத் தோண்டினார். பெயர்கள் அகரவரிசையில் இருந்தன, செத்தவர்களும் வாக்களித்திருந்தார்கள். அந்தச் செய்திக்கு 1948இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பழையகணக்கு:
டெல்ஃபேர் மோசடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆளுநராக இருந்த ஆர்னால் நாற்காலியை விட மறுத்ததையும் சொல்லுங்கள். மக்கள் யார் பக்கம் என்பது 1948 சிறப்புத் தேர்தலில் தெரிந்துவிட்டது, ஜெயித்தது ஹெர்மன்தான்.

வைகறை:
ஆர்னால் எங்கே நாற்காலியில் இருந்தார்? ஹெர்மன் தரப்பு அலுவலகப் பூட்டையே மாற்றிவிட்டதால் தலைமைச் செயலகக் கூடத்தின் தகவல் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மக்கள் பக்கம் என்றால் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த 1946 ஜூலை உட்கட்சித் தேர்தலிலிருந்து பேசுவோம். அதிக வாக்கு வாங்கியவர் கார்மைக்கேல், வென்றவர் யூஜின். ஒரு கவுண்டியில் முதலிடம் வந்தவருக்கே அதன் புள்ளிகள் எல்லாம். பெரிய 8 கவுண்டிகளுக்குத் தலா 6 புள்ளி, அடுத்த 30க்கு 4, மீதி 121க்கு 2 என்ற கணக்கில், அட்லாண்டா இருக்கும் ஃபுல்டனும் மூன்று குட்டி கவுண்டிகளும் சமம். கறுப்பர்களை மறுபடி உட்கட்சித் தேர்தலுக்கு வெளியே தள்ளுவேன் என்று வாக்குக் கேட்டவர் யூஜின், அவர்களில் பலர் பெயரை அந்த வருடமே பட்டியலிலிருந்து நீக்கவும் செய்தார்கள். இப்படி வந்ததை மக்கள் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

செம்மண்:
1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் 5–2 என்று தாம்சன் பக்கம் தீர்ப்பளித்ததே, அப்புறமும் என்ன?

பழையகணக்கு:
இரண்டு நீதிபதிகள் நான் சொல்கிற பக்கம் நின்றார்கள். தீர்ப்பு வந்ததும் ஹெர்மன் மறுக்காமல் அலுவலகத்தைக் காலி செய்தார், அதையும் கணக்கில் எடுங்கள்.